மீதியில்லாத கணக்கு

நாமக்கல் வட்டாரத்தில் முட்டைக்கென்று ஒரு கணக்கு உண்டு. பண்ணையிலிருந்து புறப்படும் முட்டைகள் பத்துப் பத்தாக அடுக்கப்படுவதில்லை. முப்பது குழிகள் கொண்ட அட்டைகளில் அடுக்கப்பட்டு, அட்டைக் கணக்கிலேயே லாரி ஏறுகின்றன. இந்த அட்டைக் கணக்கில் நாம் ஒருமுறை தவறியதுண்டு. அந்தத் தவறுதான் இக்கட்டுரையை எழுதவைக்கிறது.

சில ஆண்டுகளுக்கு முன்பு, பாஸ்கா விழாவுக்கு முந்திய வாரத்தில், பண்ணை நடத்தும் அன்பர் ஒருவர் எங்கள் பங்குக்கு எட்டு அட்டை முட்டைகளை அனுப்பிவைத்தார். ஏழைக் குடும்பங்களுக்குச் சமமாகப் பகிர்ந்தளிக்க வேண்டும் என்பது அவர் விருப்பம். பட்டியல் எழுதும் பொறுப்பு நம்மிடம் வந்தது. எட்டு அட்டை என்றால் 240 முட்டைகள். பட்டியலை எழுதி முடித்தபோது 49 குடும்பங்கள் இருந்தன. குடும்பத்துக்கு நான்கு கொடுத்தால் 44 முட்டைகள் மீதியாகும். ஐந்து கொடுத்தால் ஐந்து முட்டைகள் குறையும். 48 குடும்பங்களாக இருந்தால் குடும்பத்துக்கு ஐந்து. மீதியும் இல்லை, குறையும் இல்லை. பட்டியலின் கடைசிப் பெயர் ஒரு மூதாட்டியுடையது. மகள் வீட்டுத் திண்ணையில் தங்கி, தனியே சமைத்து உண்பவர். அவரை மகள் குடும்பத்தோடு சேர்த்துக்கொண்டால் என்ன என்று தோன்றியது. பெயரின்மேல் ஒரு கோடு இழுத்தோம். கணக்கு நேராயிற்று.

ஞாயிறன்று அவரும் வந்து நின்றார். மகள் வீட்டுப் பங்கிலேயே அவருடைய பங்கும் அடங்கிவிட்டது என்று விளக்கினோம். “சரிங்க. கணக்குன்னா கணக்குதானுங்களே” என்றார். கொண்டுவந்திருந்த தூக்குப் பாத்திரத்தை முந்தானையால் மூடிக்கொண்டு திரும்பிப் போனார். மறுநாள் கடையில் ஐந்து முட்டைகள் வாங்கிக்கொண்டு அவர் வீட்டுக்குச் சென்றோம். மறுக்காமல் வாங்கிக்கொண்டார். ஆனால் நாம் இழுத்த கோடு இழுத்த கோடாகவே நின்றது.

கணக்கு மீதியின்றி முடிவது நல்லதுதான். ஆனால் அதற்காக எதைக் கழிக்கிறோம்? இக்கேள்வி அன்று தொடங்கி நம்மை விடவில்லை. விடை தேடிய வழியில், எதிர்பாராத வகையில், மிகப் பெரிய ஓர் எண் நமக்குத் துணையாக வந்தது.

பகு, பகிர், பங்கு

எண்களைப் பகு எண், பகா எண் என்று இரண்டாகப் பிரிப்பதைப் பள்ளியில் படித்திருக்கிறோம். ஒன்றாலும் தன்னாலும் அன்றி வேறெந்த எண்ணாலும் வகுபடாதது பகா எண்; ஏழு, பதினொன்று, இருபத்துமூன்று போன்றவை. வேறு எண்களாலும் வகுபடுவது பகு எண். கணக்காசிரியர்கள் இச்சொல்லைத் தேர்ந்தபோது எதை நினைத்தார்களோ, தமிழ் அதற்குள் ஒரு பொருளை வைத்துத் தந்துவிட்டது. பகு, பகிர், பங்கு என்பவை ஒரே குடும்பச் சொற்கள். பகு எண் என்றால் பங்கிடத்தக்க எண். நம் இறைமக்கள் கூட்டத்துக்கும் நாம் பங்கு என்றுதான் பெயரிட்டிருக்கிறோம்.

பங்கிடும் ஆற்றல் எல்லாப் பகு எண்களுக்கும் ஒரே அளவில் அமைவதில்லை. நூற்றைப் பாருங்கள், மீதியின்றி அதை வகுக்கும் எண்கள் ஒன்பதே. நூற்றைவிடச் சிறியதான அறுபதையோ பன்னிரண்டு எண்கள் வகுக்கின்றன. நம் முன்னோர் ஒரு நாளை அறுபது நாழிகையாகவும் ஒரு நாழிகையை அறுபது விநாழிகையாகவும் பகுத்ததன் வசதி இதில் விளங்கும். பாதி, மூன்றிலொன்று, கால், ஐந்திலொன்று, ஆறிலொன்று என எப்படிப் பிரித்தாலும் அறுபது உடையாமல் பிரியும். தன்னைவிடச் சிறிய எந்த எண்ணுக்கும் இல்லாத அளவுக்கு அதிகமான வகுத்திகளைப் பெற்ற எண்ணை ‘மிகு பகு எண்’ எனலாம். 12, 24, 36, 48, 60, 120, 180, 240 ஆகியவை இவ்வகையைச் சேர்ந்தவை. நம் கைக்கு வந்த 240 முட்டைகளும் அப்படிப்பட்ட ஓர் எண்ணே. இருபது விதமாக மீதியின்றிப் பங்கிடத்தக்க அந்த எண்ணை வைத்துக்கொண்டுதான் ஒரு மூதாட்டியை வெளியே நிறுத்தினோம்.

நாமகிரியின் நிழலில்

இவ்வகை எண்களை முறையாக ஆராய்ந்து அவற்றுக்கு இலக்கணம் வகுத்தவர் சீனிவாச இராமானுஜன். 1887 டிசம்பர் 22 அன்று ஈரோட்டில் பிறந்து கும்பகோணத்தில் வளர்ந்தவர். எனினும் அவர் குடும்பத்தின் உள்ளம் நாமக்கல்லில் இருந்தது. மலைக்கோட்டை அடிவாரத்தில் குடிகொண்டுள்ள நாமகிரித் தாயாரே அக்குடும்பத்தின் தெய்வம். தம் கணித உண்மைகளைத் தாயார் கனவில் அருளியதாக அவர் சொல்லிவந்தார் என்றும், இங்கிலாந்துப் பயணத்துக்கு முன்னர் நாமக்கல்லுக்கு வந்து கோயிலில் தங்கினார் என்றும் அவரது வரலாற்றை எழுதியோர் குறிப்பிடுகின்றனர். அந்நம்பிக்கையை எடைபோடுவது நம் வேலையன்று. தம் அறிவைத் தம் உடைமையாகக் கருதாமல் கொடையாகக் கருதிய ஒருவரை நாம் மரியாதையுடன் நினைப்பது தகும்.

1914 மார்ச்சில் கப்பலேறிய அவர், அடுத்த ஆண்டே மிகு பகு எண்களைப் பற்றிய நீண்ட ஆய்வுரையை இலண்டன் கணிதச் சங்கத்தின் ஏட்டில் வெளியிட்டார். 1916இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் அவருக்குப் பட்டம் வழங்கியது இவ்வாய்வுக்காகவே. அது முதல் உலகப் போர்க்காலம். சங்கத்துக்குப் பணமுடை. ஆகவே ஆய்வின் பிற்பகுதி அச்சேறாமல் நின்றது. 1920இல், தம் 32ஆம் வயதில், அவர் மறைந்தார். விடப்பட்ட அப்பகுதி உரிய குறிப்புகளுடன் ஆய்விதழ் ஒன்றில் வெளிவந்தது 1997இல்.

அந்த ஆய்வுரையில் நூற்றுக்குச் சற்று மேற்பட்ட மிகு பகு எண்களின் அட்டவணை ஒன்று உண்டு. கணிப்பொறி இல்லாத காலம்; எல்லாம் கையால் போட்ட கணக்கு. அட்டவணையின் கடைசி எண் 67,46,32,83,88,800. அதாவது, 6,74,632 கோடியே 83 லட்சத்து 88 ஆயிரத்து 800. அதை மீதியின்றி வகுக்கும் எண்கள் 10,080. ஒன்று முதல் இருபத்தெட்டு வரை எத்தனை பேர் பந்தியில் அமர்ந்தாலும் அந்த எண்ணைச் சமமாகப் பங்கிட்டுவிடலாம்.

இத்தகைய எண்கள் எவ்வாறு அமைகின்றன என்பதில் இராமானுஜன் கண்ட ஒழுங்கு நம் சிந்தனைக்கு உரியது. எந்தப் பகு எண்ணும் பகா எண்களைப் பெருக்கி வருவதே. 2, 2, 3 ஆகியவற்றைப் பெருக்கினால் 12. 2, 2, 5 ஆகியவற்றைப் பெருக்கினால் 20. இரண்டுக்கும் வகுத்திகள் ஆறாறு. எனினும் 12 சிறியதாகையால் அது மிகு பகு எண், 20 அன்று. மூன்றைத் தாண்டி ஐந்தைச் சேர்த்துக்கொண்டதே இருபதின் குறை. இவ்வாறே, ஒரு மிகு பகு எண்ணில் இரண்டில் தொடங்கி மிகப்பெரிய பகா எண் வரை இடையில் ஒன்றுகூட விடுபடுவதில்லை. சிறிய பகா எண் தனக்குப் பெரியதைவிடக் குறைந்த முறை வருவதுமில்லை. கடைசியாக வரும் மிகப்பெரியது, 4, 36 என்னும் இரண்டு எண்களில் தவிர, ஒரே ஒருமுறைதான் வரும். சிறியவர்களைத் தாண்டிச் சென்று பெரியவர்களைச் சேர்த்துக்கொள்ளும் எண் இவ்வரிசையில் இடம்பெறாது. இது அறவுரையன்று, கணிதம் மெய்ப்பித்த செய்தி.

வகைப்பாடும் மதிப்பும்

எண்களை வகைப்படுத்தும் ஆசை மிகப் பழையது. ஓர் எண்ணை, அதைத் தவிர்த்த அதன் எல்லா வகுத்திகளோடும் ஒப்பிடுவது கிரேக்கர் முறை. ஆறின் வகுத்திகளான 1, 2, 3 ஆகியவற்றைக் கூட்டினால் ஆறே வருகிறது. ஆகவே ஆறு நிறைவெண். கூட்டுத்தொகை குறைந்தால் குறைவெண், கூடினால் மிகையெண். ஏறக்குறைய கி.பி. 100இல் வாழ்ந்த நிக்கோமாக்கஸ் என்பவர் குறைவெண்ணை உறுப்புக் குறைந்த உயிருக்கும் மிகையெண்ணை உறுப்பு மிகுந்த விலங்குக்கும் ஒப்பிட்டார். புனித அகுஸ்தினாரும் ஆறின் நிறைவை வியந்தவர். கடவுள் ஆறு நாளில் உலகைப் படைத்ததால் ஆறு நிறைவு பெறவில்லை. ஆறு தன்னிலேயே நிறைவானது என்பது அவர் கருத்து. ஓர் எண்ணின் தன்மை அதற்கு வெளியே நிகழும் எதனாலும் கூடுவதுமில்லை, குறைவதுமில்லை என்பதை அவர் தெளிவாகக் கண்டிருந்தார்.

கிரேக்கர் அளவுகோலை இராமானுஜனின் எண்ணுக்கு வைத்துப் பார்த்தால், அது அடங்காத மிகையெண். நிக்கோமாக்கஸ் கண்டிருந்தால் அதை எண்ணற்ற கைகால் முளைத்த பூதம் என்றிருப்பார். இராமானுஜனோ அதே எண்ணைச் சிறப்புப் பட்டியலில் சேர்த்தார். எண் மாறவில்லை; கேட்ட கேள்விதான் மாறிற்று. ஒன்றை எந்த வகையில் வைக்கிறோம் என்பது அதைப் பற்றிச் சொல்வதைவிட, நாம் எதைத் தேடுகிறோம் என்பதையே அதிகம் சொல்லிவிடுகிறது. மூதாட்டியை நாம் ‘தனிக் குடும்பமன்று’ என்று வகைப்படுத்தியபோது தேடியது உண்மையை அன்று, நேரான விடையை.

விடுபட்ட எண்

இனி, நம்மை நெடுநேரம் நிறுத்திவைத்த செய்திக்கு வருவோம். இராமானுஜனின் அட்டவணையில் ஓர் எண் விடுபட்டுவிட்டது. பின்வந்த கணித அறிஞர்கள் அதைக் கண்டு குறித்துள்ளனர். அந்த எண் 2,93,31,86,25,600. அதாவது 29,331 கோடியே 86 லட்சத்து 25 ஆயிரத்து 600. இரண்டை ஆறு முறையும், மூன்றை நான்கு முறையும், ஐந்தையும் ஏழையும் இரண்டிரண்டு முறையும், 11, 13, 17, 19 ஆகியவற்றை ஒவ்வொரு முறையும் எடுத்துப் பெருக்கினால் அது கிடைக்கும். அதன் வகுத்திகள் 5,040. பட்டியலில் இல்லாதபோதும் அது மிகு பகு எண்ணாகவே இருந்தது. இராமானுஜனின் பெருமைக்கும் இதனால் குறைவில்லை. எழுதிய கை தவறலாம். ஆனால் இராமானுஜனின் பட்டியலிலேயே ஒன்று விடுபடக்கூடுமானால், நம் பட்டியல்களைப் பற்றி நாம் எவ்வளவு தாழ்மையோடு இருக்க வேண்டும்!

இந்த விடுபட்ட எண்ணை ஒன்று முதல் 22 வரை எந்த எண்ணாலும் வகுக்கலாம். 23 பேர் வந்தால் 17 மீதியாகிறது. இத்தனை கொடைத்தன்மை வாய்ந்த எண்ணுக்கும் இருபத்துமூன்றாமவரை அமர்த்த முடியவில்லை. அப்போது என்ன செய்யலாம்? வாசகர் பென்சிலை எடுத்து இவ்வெண்ணை 23ஆல் பெருக்கிப் பார்க்கட்டும். விடை 67,46,32,83,88,800. அட்டவணையை முடித்துவைக்கும் அதே கடைசி எண்! விடுபட்டது, தன்னால் ஏற்க முடியாதிருந்த 23ஐ ஏற்றுக்கொண்ட கணத்தில் பட்டியலின் உச்சியாகிவிடுகிறது. உச்சியில் நிற்கும் எண்ணுக்குள் விடுபட்ட எண் முழுமையாக அடங்கியிருக்கிறது.

இதன் எதிரில் மற்றொரு கணக்கை வைத்துப் பார்ப்போம். பிளேட்டோ தம் ‘சட்டங்கள்’ என்னும் நூலில், இலட்சிய நகரத்தில் 5,040 குடும்பங்கள் இருக்க வேண்டும் என்றார். அதுவும் ஒரு மிகு பகு எண்ணே. ஒன்று முதல் பத்து வரை எல்லா எண்களாலும் வகுபடும்; பன்னிரண்டாலும் வகுபடும். பதினொன்றால் மட்டும் வகுபடாது. அதற்கும் அவர் வழி சொன்னார்: இரண்டு குடும்பங்களை ஒதுக்கிவைத்துவிட்டால் எஞ்சும் 5,038 பதினொன்றால் வகுபடும். கணக்கு முற்றிலும் சரி. ஆனால் அந்த இரண்டு வீட்டு அடுப்புகளை நினைத்துப் பார்க்கிறோம். பிளேட்டோ அவர்களைக் கொல்லச் சொல்லவில்லை, துரத்தவும் சொல்லவில்லை; கணக்கில் மட்டும் ஒதுக்கினார். நாமும் மூதாட்டியைக் கணக்கில் மட்டும்தான் ஒதுக்கினோம்.

ஆகவே, மீதி வராமலிருக்க இரண்டு வழிகள் உண்டு. வந்தவரைக் கழிப்பது ஒன்று. இருப்பதைப் பெருக்குவது மற்றொன்று. இரண்டிலும் விடை நேராகவே வரும். தாளில் பார்த்தால் வேற்றுமை தெரியாது.

ஒருவர் கேட்கலாம்: எல்லாரையும் ஏற்கும் எண் ஒன்று உண்டா? எந்த எண்ணாலும் மீதியின்றி வகுபடுவது ஒன்றே, அது பூச்சியம். ஆனால் அதில் ஒவ்வொருவருக்கும் கிடைப்பதும் பூச்சியமே. ஒன்றுமில்லாததைச் சமமாகக் கொடுப்பது நீதியாகாது. பூச்சியத்தைத் தவிர்த்தால், எவ்வளவு பெரிய எண்ணும் யாரோ ஒருவர் முன் தோற்கத்தான் செய்யும். ஆறே முக்கால் லட்சம் கோடியை நெருங்கும் அந்தப் பேரெண்ணே 29இன் முன் தோற்கிறது. இதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். நம் கை சிறியது. எட்டு அட்டை முட்டை எட்டு அட்டைதான். ஆனால், ‘நம்மிடம் போதவில்லை’ என்று சொல்வது வேறு, ‘நீ கணக்கில் இல்லை’ என்று சொல்வது வேறு. முன்னது வறுமை. பின்னது பொய்.

கழிக்கப்பட்டவர்கள்

எண் ஒன்று பட்டியலில் விடுபட்டால் அதற்கு வலிக்காது. மனிதர் அப்படியல்லர். இந்தச் சமவெளியில் வாழும் நாம் இவ்வேற்றுமையை மறக்க முடியாது. 1991ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கில், நாமக்கல்லையும் உள்ளடக்கியிருந்த அன்றைய சேலம் மாவட்டத்தில், ஆறு வயது வரையுள்ள ஆண் குழந்தைகள் ஆயிரம் பேருக்குப் பெண் குழந்தைகள் 849 பேரே இருந்தனர். இயல்பாக இருக்க வேண்டியது 950ஐ ஒட்டிய எண். ஆயிரத்துக்கு நூறு பேர் எங்கே? 1992இல் தொட்டில் குழந்தைத் திட்டம் சேலத்தில் தொடங்கப்பட்டது இந்தக் கேள்விக்கு விடையாகத்தான். 2011 கணக்கில் சேலம், நாமக்கல் இரண்டிலும் அந்த எண் 900ஐக் கடந்தது. இது ஆறுதல், ஆனால் காணாமற்போனவர்கள் திரும்பி வரவில்லை.

அந்தக் கொடுமைக்குப் பின்னாலும் ஒரு வகுத்தல் கணக்கு இருந்தது. இருக்கும் நிலம் இவ்வளவு. போட வேண்டிய நகை இவ்வளவு. செய்ய வேண்டிய சீர் இவ்வளவு. இன்னொரு பெண் பிறந்தால் கணக்கு நேராகாது. வகுபட வேண்டிய பொருளை நிலையாக வைத்து, வகுக்க வந்த உயிரைக் கழித்த கணக்கு அது. அதைச் செய்தவர்களைக் கொடியவர் என்று சொல்லி ஒதுங்கிக்கொள்ள நமக்கும் ஆசையே. ஆனால் முட்டைப் பட்டியலில் நம் கை இழுத்த கோட்டை நினைக்கும்போது நா எழவில்லை. அளவில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வேற்றுமை உண்டு. கணக்கின் வகை ஒன்றே.

பகா எண்களைத் தன்னலத்துக்கு உவமையாக்குவோர் உண்டு. நமக்கு அது சரியாகப் படவில்லை. பகுபடாதது பொருளாக இருந்தால் குறை. ஆளாக இருந்தால் அதுவே சிறப்பு. ஒரு மூதாட்டியைப் பாதியாக்கி மகள் கணக்கில் பாதி, நம் கணக்கில் பாதி என்று வைக்க முடியாது. ஒவ்வொருவரும் ஒரு பகா எண். நிலம், பொன், முட்டை, நேரம் ஆகியவையே பகுபட வேண்டியவை. பகு எண் எத்தனை பெரிதானாலும் அது பகா எண்களால் கட்டப்பட்டதே. புதிய பகா எண் ஒன்று உள்ளே வந்தபோதுதான் விடுபட்ட எண் பேரெண்ணாயிற்று.

நற்செய்தியில் ஐந்து அப்பங்களை ஐயாயிரம் பேருக்குப் பங்கிட்ட நிகழ்ச்சியில் சீடர்கள் முதலில் சொன்ன யோசனை, மக்களை அனுப்பிவிடுவதுதான், கழித்தல் வழி. அவர்கள் கண்ட முடிவோ வேறு. அக்கணக்கு மீதியின்றியும் முடியவில்லை. பன்னிரண்டு கூடை மீதி வந்தது.

அந்த மூதாட்டி இன்று இல்லை. எங்கள் பங்கில் இப்போதும் விழாக்காலப் பட்டியலை எழுதுகிறோம். இரண்டு மாற்றங்களை மட்டும் செய்திருக்கிறோம். கொடையை எண்ணிப் பார்க்கும் முன்பே பெயர்களை எழுதி முடித்துவிடுகிறோம்; குறைந்தால், குறைவதை நம்மில் யாரேனும் வாங்கிச் சேர்க்கிறோம். பட்டியலின் அடியில் நான்கைந்து வரிகளை வெறுமையாக விட்டுவைக்கிறோம். சென்ற விழாவில் அவற்றில் மூன்று நிரம்பின.